கடைசி அணு போகும் நாள்

முதல் நாள், காலை

விமானம் தரையைத் தொடுவதற்கு முன்பே சூரியனைப் பார்த்துவிட்டேன். காலை நேரத்துச் சூரியன் அப்படி இருக்கக் கூடாது. செங்கல் நிறத்தில், கண் கூசாமல் உற்றுப் பார்க்கும்படி சன்னலுக்கு வெளியே தொங்கியது. கடலுக்கு அப்பால் எங்கோ காடு எரிகிறது, அந்தப் புகைதான் ஒரு வாரமாக இந்த நாட்டின் மேல் படுத்துக்கிடக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். சொல்லிவிட்டுப் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். என்னிடம் முகக்கவசம் இல்லை. மூச்சைக் கொஞ்சம் குறைத்து விடலாமா என்று யோசித்துக்கொண்டே கோலாலம்பூரில் இறங்கினேன்.

என் லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மின்சாரப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவள், வீட்டில் ஃபியூஸ் போனால் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட ஓடுவேன். கல்லூரியில் கதிரியக்கச் செய்முறை வகுப்பில், கருவி டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியதும் கதவோரம் போய் நின்று, தோழி படித்துச் சொன்ன எண்களைக் குறித்துக்கொண்டவள். பயம் எனக்குக் கூடப்பிறந்தது. குவாண்டம் கோட்பாடு பிறந்த கதையை ஒரு மாத இதழில் தொடராக எழுதினேன். அதைப் படித்த மேரி டீச்சர், மலேசியாவில் லிங்கிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, விடுமுறையில் வந்து பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தக் கதையைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொல்வதற்கு என்ன பயம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

அழைத்துப் போக மேரி டீச்சரின் தம்பி குணா வந்திருந்தான். முப்பது வயதிருக்கும், சிரம்பானில் லாரி ஓட்டுகிறான். விமான நிலையத்திலிருந்து லுக்குட், போர்ட்டிக்சன் வழியாக லிங்கி சுமார் எழுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். புகையில் எதிரே வரும் லாரிகளின் விளக்கு மட்டும்தான் முதலில் தெரிந்தது, லாரி பிறகுதான் தெரிந்தது. அவன் ஒரு கையால் ஓட்டினான். நான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

பகல்

சி ரூசாவில் கடலோரக் கடை ஒன்றில் நிறுத்தினான். ரொட்டி சானாய், நம்மூர்ப் பரோட்டா மாதிரி, இரண்டு வெள்ளி, தேத்தண்ணீர் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. இங்கே தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்கிறார்கள். கடல் இருந்ததாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இருபதடி மணலும் அதற்குப் பின்னால் ஒரு சாம்பல் சுவரும்தான். சுவருக்குள்ளிருந்து அலைச் சத்தம் வந்தது.

சாப்பிடும்போது குணா, சாயங்காலம் நான் என்ன பேசப்போகிறேன் என்று கேட்டான். மேலே சூரியனைக் கைகாட்டினேன். இரும்பைக் காய்ச்சினால் முதலில் இந்தச் சிவப்பு வரும், இன்னும் காய்ச்சினால் மஞ்சள், பிறகு வெள்ளை. ஏன் அப்படி என்று கணக்குப் போட்ட ஒரு ஜெர்மன் பேராசிரியரிடமிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது என்றேன். பழைய கணக்குப்படி போனால் சாதாரண அடுப்பே கண்ணைப் பொசுக்குகிற அளவு கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கக்க வேண்டும். கக்குவதில்லை. வேறு வழியில்லாமல் அவர், வெப்பமும் ஒளியும் தண்ணீர் மாதிரி ஒழுகவில்லை, அரிசி மாதிரி மணி மணியாகத்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று எழுதினார். கணக்கு சரியாக வந்துவிட்டது. வந்ததுதான் அவருக்குப் பயமாகிவிட்டது. அந்த மணிகளை எப்படியாவது திரும்ப ஒழுகவைத்துவிட வேண்டும் என்று பிறகு பல வருஷம் பாடுபட்டார்.

“தானே கண்டுபிடிச்சிட்டுத் தானே பயந்துக்கிட்டாரா?” என்றான் குணா.

அதுதான் கதையே என்றேன். அவன் தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான்.

லிங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஒரு மஞ்சள் பலகையில் வாயைப் பிளந்த முதலைப் படம் இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். பாலத்தின் மேல் முதலை ஏறாது என்பது எனக்கும் தெரியும். பாலம் தாண்டி இடப்பக்கம் செம்மண் பாதையில் திரும்பினால் தோட்டம். பலகையில் ஒரு மலாய்ப் பெயர் இருக்கிறது, இங்குள்ள நம்மவர்கள் ஆத்தோரத் தோட்டம் என்கிறார்கள். ஒரு காலத்தில் கித்தா, அதாவது ரப்பர். இப்போது முழுக்கச் செம்பனை, பாமாயில் எடுக்கும் மரம். நம்மூர்ப் பனைமரம் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். மட்டைகள் இருபுறமும் கவிழ்ந்து, நிரைகளுக்கு, அதாவது மரவரிசைகளுக்கு, நடுவே பகலிலும் மாலை ஆறு மணி இருட்டு. எலிகளைத் தின்னும் நாகங்கள் ஏராளம், அந்த எலிகளைப் பிடிக்கும் ஆந்தைகளுக்காகக் கம்பத்தின் மேல் பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டியின் ஓட்டையிலிருந்து ஒரு வெள்ளை முகம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பழைய லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பாதி காலி. பெரும்பாலானவர்கள் போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் குடிபோய்விட்டார்கள். லயத்தின் கடைசி வீட்டு வாசலில் மட்டும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. யாருக்கு அம்மை என்று கேட்டேன். அதுவரை மெல்ல ஓட்டிய குணா அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் வேகத்தைக் கூட்டினான். கொஞ்ச தூரம் போன பிறகு, “அம்மை இல்லக்கா, அது வேற,” என்றான். மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாலை

பள்ளி மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதி பிள்ளைகள், பாதி வேலை முடிந்து அப்படியே வந்தவர்கள். பெயர்களைச் சொல்லிப் பிள்ளைகளைக் கலங்கடிக்க வேண்டாம் என்று மேரி டீச்சர் கேட்டுக்கொண்டதால், ஆட்களை அவர்கள் செய்த வேலையைக் கொண்டே சொன்னேன். அடுப்பு வெளிச்சத்தில் மணிகளைக் கண்டவர். காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, ஒளியே மணி மணியாகத்தான் வருகிறது என்று சொன்ன இளைஞர். அணுவுக்குள் படிக்கட்டு கட்டிய டென்மார்க்காரர். அவருடைய எலக்ட்ரான் ஒரு படியில் இருக்கும், அல்லது அடுத்த படியில் இருக்கும், நடுவில் எங்கும் இருக்காது. மகரந்தத்தால் வரும் மூக்கடைப்புக்குப் பயந்து மரமே இல்லாத தீவுக்கு ஓடி, அங்கே விடிய விடியக் கணக்குப் போட்டு, விடை வந்ததும் நடுங்கிப்போன இருபத்து மூன்று வயதுப் பையன். பனிமலை விடுதியில் அதையே அலையாக எழுதிய இன்னொருவர். கதிர் வீசும் உலோகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த அம்மையார். அவருடைய குறிப்பேடுகளை இன்றைக்கும் ஈயப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறார்கள் என்றதும் முன்வரிசைப் பிள்ளைகள் காலைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பயந்தவளுக்குப் பயமுறுத்தக் கிடைத்தால் விடுவாளா? இவர்கள் எல்லோருக்கும் பெரிய பயம் எது தெரியுமா என்று கேட்டேன். தற்செயல். கதிர் வீசும் அணுக்கள் ஒரு குவியலாக இருந்தால், குறிப்பிட்ட நாளில் அதில் பாதி போய்விடும் என்று சொல்லலாம். ஆனால் இந்த ஒரு அணு எப்போது போகும்? இப்போதா, நூறு வருஷம் கழித்தா? கடவுளைக் கேட்டாலும் பதில் இல்லை என்கிறது கோட்பாடு. ஒளியை மணியாக்கிய அந்தக் குமாஸ்தாவே இதை மட்டும் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. கரும்பலகையில் வளைகோட்டை வரைந்தேன். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. கீழே அடிக்கோட்டை நெருங்கிக்கொண்டே போகும் கோடு.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கால்வரை காலுறை, இடுப்பில் துண்டு. மண்டோர், வேலையாட்களை மேய்ப்பவர். பேர் முருகையா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“அப்ப டீச்சர், முழுசா எப்பத்தான் போகும்?”

“போகவே போகாது. கோடு அடிக்கோட்டத் தொடாது, பாருங்க,” என்றேன். சாக்பீஸால் ஒரு தட்டும் தட்டினேன்.

அவர் உட்காரவில்லை. என்னைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். பப்பாளி மரத்தடியில், மண்டபத்தை விட்டு நன்றாகத் தள்ளி, தலையில் துண்டு போர்த்திய ஒரு பெண் நின்றிருந்தாள். நான் பார்த்தபோது அவள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. களைப்பாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது மேரி டீச்சர் சொன்னார். அந்தப் பெண் தேவகி, முருகையாவின் மனைவி. கழுத்துச் சுரப்பியில் புற்று. அறுவை முடிந்து, எட்டு மாதத்துக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் கதிரியக்க அயோடின் குடிக்கக் கொடுத்தார்கள். நல்ல மருத்துவம், நோய் போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டு வாரம் குழந்தைகளை அணைக்கக் கூடாது, தட்டு தம்ளர் தனி, படுக்கை தனி என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். அவர்களுக்கு அப்போது ஒன்றரை வயதில் ஒரு மகள், யாழினி. தனித்தட்டு, தனிப்படுக்கை, பிள்ளை கிட்டே வரக்கூடாது என்றால் இந்த லயத்தில் அதற்கு ஒரே முறைதான் தெரியும். காலியாக இருந்த கடைசி வீட்டில் தேவகியை வைத்து வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பதில்லை, பொரிப்பதில்லை. அம்மை இறங்கியதும் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றுவது போல ஊற்றி அழைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

இரண்டு வாரம் கழித்து அப்படியே ஊற்றி வீட்டுக்கு அழைத்தும் வந்தார்கள். தேவகி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. மூன்று நாளில் சரியாகிவிட்டது, சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் தேவகி அன்றைக்கே எழுந்து கடைசி வீட்டுக்குப் போய் வேப்பிலையைத் தன் கையாலேயே திரும்பச் செருகிக்கொண்டாள். அம்மை என்றால் பொருக்கு உதிரும், உதிர்ந்தால் தண்ணீர் ஊற்றலாம். இதற்கு எது உதிரும்? நாள் குறிக்க யாராலும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மறுபடி மறுபடி ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. இன்றைக்கு அறிவியல் டீச்சர் இந்தியாவிலிருந்து வருகிறார், அவர் வாயால் கேட்டுவிடலாம் என்றுதான் முருகையா வந்தாராம், அவளும் வந்தாளாம்.

“நாளைக்குக் காலையில புள்ளைய கெமாசுக்கு அனுப்புறாங்க டீச்சர்,” என்றார் மேரி. “முருகையாவோட அக்கா அங்க இருக்கு. அதுவே வளத்துக்கட்டும்னு தேவகிதான் சொல்லிட்டா. போகவே போகாதுன்னு தெரிஞ்ச பெறகு எதுக்கு எதிர்பாத்துக்கிட்டு இருக்கணும்னு.”

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

இரண்டாம் நாள், காலை

விடியும்போதே எழுந்து மேரி டீச்சர் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். சிந்திக்கிடந்த நாலு அரிசியைப் பார்த்தபோதுதான் நான் சொன்னதன் அபத்தம் உறைத்தது. வளைகோடு அடிக்கோட்டைத் தொடாது என்பது ஒழுகும் தண்ணீருக்கான கணக்கு. அணுக்களோ மணிகள். நாலில் பாதி இரண்டு, இரண்டில் பாதி ஒன்று, ஒன்றுக்குப் பாதி ஏது? இருக்கும், அல்லது போய்விடும். கடைசி அணு என்று ஒன்று உண்டு, அது ஒருநாள் போயே தீரும். உலகம் மணிகளால் ஆனது என்று சொல்லத்தான் கடல் தாண்டி வந்தேன். அதைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தாவது நிமிஷம் அதை மறந்து ஒரு தாயின் தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன். அயோடினுக்கு எட்டு நாளில் பாதி. எட்டு மாதத்தில் முப்பது தடவை பாதி. கொடுத்ததில் நூறு கோடியில் ஒரு பங்கு, உடம்பு தானாக வெளியேற்றியதையும் கழித்தால் அதுகூட இல்லை.

மேரி டீச்சரைக் கூட்டிக்கொண்டு முருகையாவைத் தேடிச் செம்பனைக்குள் போனேன். புகை நிரைகளுக்குள் தேங்கி நின்றது. ஒவ்வொரு மட்டையும் பாம்பாகத் தெரிந்தது. மேரி டீச்சர் சாதாரணமாக நடந்தார், நான் அவர் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வைத்தேன். அங்கே வங்காளதேசத்துப் பையன்கள் நாலைந்து பேர் குலையிலிருந்து உதிர்ந்த செம்பனைக் கொட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முருகையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார், திரும்பி நடந்தார். பிறகு முடிந்தது என்று குரல் கொடுத்தார். பையன்கள் அடுத்த நிரைக்குப் போனார்கள்.

நான் என் கணக்கைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நூறு கோடியில் ஒன்று இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இருக்கலாம், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் அதைவிட அதிகமாகக் கதிர் இயற்கையாகவே இருக்கிறது, வாழைப்பழத்தில்கூட இருக்கிறது என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மேரி டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

குனிந்தேன். என் செருப்புக்குப் பக்கத்தில், மட்டைக்கடியில், ஒரு செம்பனைக் கொட்டை சிவப்பாகக் கிடந்தது. எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“இது கெடக்கே. நிரை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டீங்களே?”

“ஒன்னு ரெண்டு கெடக்கும்லா டீச்சர். அதுக்காக முடியலன்னு சொன்னா இந்தத் தோட்டத்துல ஒரு வேலையும் முடியாது.”

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். கொட்டையை வாங்கி விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஆனா நான் நடந்து பாத்துட்டுத்தான் சொல்றேன் டீச்சர். உக்காந்த எடத்துலேருந்து சொல்ல மாட்டேன். அவ வீட்ட யாரு நடந்து பாத்தா? டாக்டரும் மேசையிலேருந்துதான் சொன்னாரு. நீங்களும் போர்டுலேருந்துதான் சொன்னீங்க. நானே பாக்கல. எனக்குப் பயம்.”

நான் போகிறேன் என்று சொன்னது என் வாய்தான். கால்களைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருக்கும்.

கடைசி வீடு

வாசலில் வேப்பிலை காய்ந்து மொரமொரவென்றிருந்தது. உள்ளே இருட்டு. நூறு கோடியில் ஒன்று, நூறு கோடியில் ஒன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கல்லூரியில் கேட்ட அந்த டிக் டிக் சத்தம் காதில் கேட்டது. கூரையில் பல்லிதான்.

“உள்ள வராதீங்கக்கா,” என்று தேவகியின் குரல் கேட்டது. “அங்கேருந்தே பேசுங்க.”

படியேறி உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயசு, கழுத்தில் மெல்லிய தழும்பு. நேற்று நான் சொன்னது தப்பு என்றேன். அரிசியைச் சொன்னேன், கொட்டையைச் சொன்னேன், அந்தக் காய்ச்சல் வெறும் காய்ச்சல் என்றும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

“ஒங்களுக்கே பயமாத்தானேக்கா இருக்கு,” என்றாள்.

“ஆமா. ரொம்பப் பயமா இருக்கு. பயப்பட ஒன்னும் இல்லன்னும் தெரியும். ரெண்டும் இருக்கு,” என்றேன். “குடிக்க ஏதாச்சும் இருந்தாக் குடு.”

அவள் எழுந்து தன்னுடைய ஒரே தம்ளரில் வரக்காப்பி ஊற்றி, தரையில் வைத்து, என் பக்கம் தள்ளிவிட்டாள். எடுத்துக் குடித்தேன். தொண்டைக்குள் இறங்கும் ஒவ்வொரு மடக்கும் தெரிந்தது. நான் கீழே விழுந்துவிடுவேனோ என்பது போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கும்போது விரல் விரலில் பட்டது. ஏழு மாதத்துக்கு மேலாக ஒரு மனுஷக் கை படாத விரல்கள் அவை. தம்ளரை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழுதது பயத்தினாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது.

மேரி டீச்சர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர்தான் மஞ்சளும் பச்சை வேப்பிலையும் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் போட்டார். கொல்லைப்புறத்தில் தேவகியை உட்காரவைத்து மூன்று சொம்பு ஊற்றினேன். மந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது. முதல் சொம்புக்கு அடுப்பு வெளிச்சத்தில் மணிகளைக் கண்ட பேராசிரியரை நினைத்துக்கொண்டேன், மற்ற இரண்டும் ஊற்றும்போது தண்ணீர் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

தலை துவட்டி வருவதற்குள் வாசலில் கார் நின்றது. கெமாஸ் அக்காள் இறங்கவில்லை, கண்ணாடியைப் பாதி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகையா யாழினியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, வாசலுக்கு இருபதடி தள்ளி இறக்கிவிட்டார். காய்ந்த வேப்பிலையை நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். தேவகி ஈரத்தலையோடு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

பிள்ளை வரவில்லை. இரண்டே கால் வயசு. இந்த வீட்டுப் பக்கம் போகாதே என்று எட்டு மாதமாகச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, ஆந்தைப் பெட்டிக்குள்ளிருந்து அந்த முகம் எங்களைப் பார்த்தது போலத் தாயைப் பார்த்தாள். முருகையா கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அவள் வீறிட்டாள். இவ்வளவும் செய்து கடைசியில் இப்படியா என்று பதறிப்போய் நானே பிள்ளையைத் தூக்கிவரப் போனேன்.

“வேண்டாங்கக்கா,” என்றாள் தேவகி. “இழுக்காதீங்க. பாதி வரட்டும். அப்பறம் பாதி வரட்டும்.”

முருகையா பத்தடி முன்னால் வந்து உட்கார்ந்தார். பிள்ளை அவரோடு வந்தாள். இன்னும் கொஞ்சம் வந்து உட்கார்ந்தார், அவளும் வந்தாள். தேவகி கையை நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. ஈர முடியைப் பிரித்துப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கடைசி ஓரடி இருந்தபோது பிள்ளை நின்றுவிட்டாள். காரில் இருந்தவர் உள்பட யாரும் அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து யாழினி ஒரு விரலை நீட்டி, தாயின் முடியிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தொட்டாள். தொட்டுவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை தொட்டாள்.

கெமாஸ் அக்காள் காரை விட்டு இறங்கினார்.

பிற்பகல்

நான் கிளம்பும்போது அந்த லயமே எண்ணெய் வாசத்தில் நிறைந்திருந்தது. அம்மை வீட்டில் பொரிக்கக் கூடாது என்பதால் எட்டு மாதமாக எண்ணெய்ச் சட்டி வைக்காதவள், தன் வீட்டு அடுப்படிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக பீசாங் கோரேங் போட்டிருந்தாள், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம். எனக்குச் சூடாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். யாழினி அவள் மடியில் இல்லை, இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். பரவாயில்லை என்றாள் தேவகி.

லுக்குட் தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் குணா நிறுத்தினான். கழிவறைக் குழாயில் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு முழங்கைவரை இன்னொரு தடவை கழுவினேன். பிறகு இன்னொரு தடவை. திரும்பினால் குணா தாள் துண்டோடு நின்றிருந்தான்.

“மூணு தண்ணியாக்கா?” என்றான்.

வெட்கத்தில் செத்துப்போனேன். ஆனால் அவன் முகத்தில் கேலி இல்லை. எட்டு மாதமாக அந்த வீட்டைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டியவன் அவன். காரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். ஈரக் கையால் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு அவனிடம் நீட்டினேன். அவன் பொட்டலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எடுத்துக்கொண்டான். தானே கண்டுபிடித்ததைத் தானே நம்ப முடியாமல் தவித்த அந்தப் பேராசிரியரை என் தொடரில் கொஞ்சம் கிண்டலாகவே எழுதியிருந்தேன். இனி அப்படி எழுத மாட்டேன்.

காரைக்குடியில் வானம் நீலமாக இருந்தது. பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அரை ஆயுள் பாடம் வந்தது. கரும்பலகையில் வழக்கம்போல வளைகோட்டை வரைந்தேன். வழக்கம்போல மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, முழுசா எப்ப டீச்சர் போகும் என்று கேட்டாள். இவள் வீட்டில் யாருக்கு என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

சாக்பீஸை எடுத்து, அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டு போய் அடிக்கோட்டோடு சேர்த்தேன். போயிடும்மா என்றேன். பரீட்சையில் மட்டும் இப்படி வரையாதீர்கள், மார்க் போட மாட்டார்கள் என்றும் சொல்லிவைத்தேன்.